வெள்ளவத்தையில் சமைத்த கனடா

கடலுக்கு இறங்கும் அந்த ஒழுங்கையில், வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகள் வரும் கொமினிகேசன் கடை வாசலில், ஆட்கள் இருக்க நீள வாங்கு ஒன்று கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்மாரின் மடியிலும் காலடியிலுமாக அங்கே காத்திருந்த பிள்ளைகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இப்போது நீங்கள் பிள்ளைகள் இல்லை. பாதிப் பேருக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, மீதிப் பேர் மை பூசுகிறீர்கள். எனக்கு முழங்கால் வலி, படியேறினால் மூச்சு வாங்குகிறது. உங்களில் பலர் போய்ச் சேர்ந்தீர்கள். நான் அதே வெள்ளவத்தையில், அதே ஒழுங்கையில், வேறொரு மாடியில் இருக்கிறேன்.

போன கிழமை உங்களில் ஒருத்தி ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டிருந்தாள். பொரித்த உருளைக்கிழங்கு, மேலே மண்ணிறக் குழம்பு, அதற்கும் மேலே வெள்ளை வெள்ளையாகச் சீஸ் கட்டிகள். ‘பூட்டின். குளிருக்கு வீட்டிலேயே செய்தது. உனக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது’ என்று கீழே எழுதி, ஒரு சிரிப்பு மூஞ்சியும் வைத்திருந்தாள். தெரியும் தாயே, தெரியும். நீ பிளேன் ஏறுவதற்கு முன்பே நான் அதைத் தின்று அலுத்தவள். வேர்த்து வழிய வழியக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தின்றவள். அவளுக்கு நான் பதில் போடவில்லை. பதில் இவ்வளவு நீளமாக இருந்ததுதான் காரணம்.

எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஆறு. வடக்கிலிருந்து வந்து, ஒரு மாடிவீட்டில் ஒற்றை அறை எடுத்து இருந்தோம். ஒரு மூலையில் பாய், மறு மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு. கரையோர ரயில் போகும்போதெல்லாம் சட்டி பானை கிணுகிணுக்கும். அப்பா ஏஜென்சிக்காரனோடு கனடாவுக்குப் புறப்பட்டுப் போயிருந்தார். அவர் போய்ச் சேர்ந்து எங்களைக் கூப்பிடுவார், நாங்கள் போவோம், அதுதான் திட்டம். அந்த வாங்கில் இருந்த எல்லாருடைய திட்டமும் அதுதான்.

அங்கே பெண்களுக்குப் பெயர் கிடையாது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். புருஷன் எந்த நாட்டில் இருக்கிறானோ அந்த நாடுதான் பெயர். சுவிஸ் அக்கா, ஜேர்மன் அக்கா, லண்டன் அன்ரி. முஸ்லிம் கடைக்கார நானா மாளிகாவத்தையிலிருந்து சைக்கிளில் வருவார். அழைப்பு வந்தால் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, “சுவிஸ், கோல் வந்தீக்கி, ஓடி வாங்க” என்று கூப்பிடுவார். புருஷன் இன்னும் வழியில் நிற்கிறவளுக்கு நாடும் இல்லை, பெயரும் இல்லை. அவளை ‘அந்தப் பிள்ளை’ என்பார்கள், வாங்கின் நுனியில்தான் அவளுக்கு இடம். அம்மா சில மாதங்கள் அந்தப் பிள்ளையாக இருந்தார்.

அப்பாவின் முதல் அழைப்பு ஒரு ஞாயிறு காலையில் வந்தது. பலகைக் கூண்டுக்குள் நின்று அம்மா கத்தினார். லைன் சரியில்லை, கத்தாமல் முடியாது.

“போய்ச் சேந்திட்டீங்களோ?”

வாங்கு முழுவதும் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது. மறுமுனையில் பதில் வந்திருக்க வேண்டும். அம்மா கண்ணாடிக் கதவுக்கூடாக எங்களைப் பார்த்து ஓம் என்று தலையாட்டினார். சுவிஸ் அக்கா எழும்பி நின்று கைதட்டினார். நானா போத்தலுக்குள் கைவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் டொபி எடுத்துத் தந்தார். அம்மாவின் இரண்டாவது கேள்வி ஒழுங்கை முழுவதும் கேட்டது.

“சாப்பிட்டனீங்களோ? என்னப்பா அங்க சாப்பாடு?”

எங்கள் ஆட்களின் வியாதி இது. கடல் கடந்து போனவனிடம் நாங்கள் வேறென்ன கேட்கிறோம்? உயிரோடு இருக்கிறாயா, பயமாக இருக்கிறதா, அழுதாயா என்று நேரே கேட்க எங்களுக்கு வாய் வராது. எல்லாவற்றையும் சாப்பாட்டுக்குள் வைத்துத்தான் கேட்போம். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லையாம். லைன் அறுந்துவிட்டதோ என்று அம்மா பயந்துபோனாராம். பிறகுதான் அவர் வாய் திறந்தாராம்.

“உருளைக்கிழங்குப் பொரியல். மேல குழம்பு விட்டு.”

கூண்டை விட்டு வெளியே வந்த அம்மாவுக்கு வாங்கின் நடுவில் இடம் விட்டார்கள். அன்றிலிருந்து அவர் கனடா அக்கா.

கனடாவுக்குப் போன பிள்ளைகள் அங்கத்தைய சாப்பாடு பிடிக்காமல் வாந்தியெடுத்து நோஞ்சான்களாகிப் போன கதைகள் அந்த வாங்கில் நிறைய உலாவின. லண்டன் அன்ரிக்கு அப்படி ஒரு கதையாவது சொல்லாமல் பொழுது போகாது. அம்மா அவற்றை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறே அப்பாவிடம் கேட்டார்.

“எப்பிடிச் செய்யிறது எண்டு சொல்லுங்கோ. இஞ்சயே பிள்ளையளைப் பழக்கிப்போட்டுக் கூட்டிக்கொண்டு வாறன்.”

அப்பா முதலில் மழுப்பினாராம். அதற்கடுத்த கிழமை சொல்லத் தொடங்கினார். தான் ஒரு றெஸ்ரோறன்ற் சமையலறையில் வேலை செய்வதாகச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணிகூடப் போடத் தெரியாத மனிதன். அம்மா கூண்டுக்குள் நின்று ஒவ்வொரு அடியையும் திருப்பிச் சொல்லி மனப்பாடமாக்குவார். வாங்கில் இருந்த பெண்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

முதலில் பூட்டின். உருளைக்கிழங்கைத் தோலோடு விரல் நீளத்துக்கு வெட்டி, ஒருமுறை அரைப்பதமாகப் பொரித்து ஆறவிட்டு, மறுபடி பொரிக்க வேண்டும். குழம்புக்கு மாவை மாஜரீனில் மண்ணிறமாக வறுத்து, கோழி எலும்பு அவித்த தண்ணீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். சீஸ்தான் சிக்கல். கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் வர வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா பால்மாவைக் கரைத்துக் காய்ச்சி, தேசிக்காய் பிழிந்து திரைய வைத்து, துணியில் கட்டி யன்னல் கம்பியில் தொங்கவிட்டார். மறுநாள் என் வாயருகே காதை வைத்துக்கொண்டு தம்பி காத்திருந்தான். ஒரு சத்தமும் வரவில்லை. கடைசியாக அப்பா சொல்லியிருந்தது அம்மாவுக்கே ஆச்சரியம்.

“இறக்க முதல் புளி கரைச்சு ரெண்டு சொட்டு விடும்.”

“அங்கயும் புளி இருக்கோ?”

“இஞ்ச எல்லாம் இருக்கு.”

பிறகு பான்கேக். அதன் மேல் ஊற்றுவது ஒரு மரத்தில் ஓட்டை போட்டு எடுக்கும் நீரைக் காய்ச்சிய பாணி என்று அப்பா சொன்னதும் அம்மாவுக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. “இஞ்ச எங்கட கித்துள் பாணி இருக்குதே” என்றார். கித்துள் மரத்துப் பாணிப் போத்தல் ஒன்று வந்தது. பான்கேக்கை அடுக்கி மேலிருந்து ஊற்றினால் அது கரையால் வழிந்து தட்டில் குளம் கட்டும். அந்த ஒன்றை மட்டும் நாங்கள் உண்மையாகவே விரும்பிச் சாப்பிட்டோம். அப்பிள் பழத்தைக் கறுவாவும் கராம்பும் போட்டுக் காய்ச்சிக் குடிப்பார்களாம், அப்பிளுக்கு வழியில்லாமல் அம்மா புளிப்பான அம்பரெல்லாக் காயைப் போட்டுக் காய்ச்சினார். குடித்த தம்பி, “கனடாவுக்கு நான் வரேல்லை” என்று அழுதான். அம்மா அவனுடைய காதைத் திருகிவிட்டு மிச்சத்தைத் தானே குடித்தார்.

சித்திரை மாதத்து வெயிலில் யன்னலைப் பூட்டிக்கொண்டு சூடான சொக்லேட் பால் குடித்தோம். எங்கிருந்தோ கிடைத்த பழைய கம்பளிச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு, கையால் தொடாமல் முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டோம். பனிக்குள் இப்படித்தான் இருக்குமாம். பனி எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. இப்படி வேர்க்காது என்று மட்டும் எனக்குச் சந்தேகம் இருந்தது.

இந்தச் சமையலெல்லாம் பள்ளிக்கூட நேரத்தில் நடந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் தருவதாக ஒரு ரீச்சர் வீடு தேடி வந்து சொன்னார். அம்மா அவருக்குச் சூடான சொக்லேட் ஊற்றிக் கொடுத்தார்.

“என்னத்துக்கு ரீச்சர், இந்தா இப்பப் போயிடுவம். சேர்த்துப்போட்டு உடன விலத்தினா உங்களுக்கும் கரைச்சல்.”

“போகுமட்டும் படிக்கட்டுமே.”

“போகப்போற பிள்ளையளுக்கு இஞ்சத்தைய படிப்பு எதுக்கு?”

ரீச்சர் பாதிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். நான் அன்று சந்தோஷப்பட்டேன். பத்து வயதில் யார்தான் சந்தோஷப்பட மாட்டார்கள்?

பட்டர் டாட் என்ற இனிப்புப் பலகாரம் செய்ய வேண்டி வந்தபோது போறணை அடுப்பு தேவைப்பட்டது. காலி வீதிப் பேக்கரியில் பாண் இறக்கிய பிறகு போறணைச் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும். அம்மா மாவைக் கிண்ணம் கிண்ணமாக்கி, முட்டையும் மாஜரீனும் கித்துள் கருப்பட்டியும் நாங்கள் பிளம்ஸ் என்கிற உலர்திராட்சையும் நிரப்பித் தட்டத்தில் அடுக்கி என்னிடம் தருவார். நான் தலையில் வைத்துக்கொண்டு போவேன். சிங்களப் பேக்கரிக்காரர் துணியைத் தூக்கிப் பார்த்து, “மேவ மொனவாத நங்கி?” என்று கேட்டார். இதெல்லாம் என்ன தங்கச்சி என்கிறார். எனக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. “கெனடா கெவும்” என்றேன், கனடாப் பலகாரம். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அதன் பிறகு எங்கே கண்டாலும் “கெனடா, கவதாத யன்னே?” என்பார். எப்போது போகிறாய் என்று அர்த்தம். “லபன மாசே” என்பேன், அடுத்த மாதம். ஒவ்வொரு மாதமும் அதையேதான் சொன்னேன்.

அப்பா என்னோடும் கதைப்பார். அந்தச் சில நிமிடங்களை நான் எத்தனையோ முறை திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

“பிள்ளை, இண்டைக்கு என்ன சாப்பிட்டனி?”

“பான்கேக் அப்பா.”

“எப்பிடி இருந்தது?”

“நல்லா இருந்தது.”

“அப்பிடிச் சொல்லக்கூடாது. வடிவாச் சொல்லு. சூடா இருந்ததோ? பாணி உள்ளுக்க ஊறிச்சுதோ? எத்தினை தின்னனி? பேந்து?”

நான் சொல்லச் சொல்ல அவர் ‘ம், பேந்து’ என்று கேட்டுக்கொண்டிருப்பார். அம்மா ஒழுங்காகச் செய்கிறாரா என்று சோதிக்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் அவருக்குப் பின்னால் சேவல் கூவியது. ஒரு பெண் ஏதோ விற்பதுபோல் ராகம் போட்டுக் கூப்பிடும் சத்தமும் கேட்டது. அம்மாவிடம் சொன்னேன். “ஏன், கனடாவில கோழி இல்லையோ? அந்த எலும்பிலதானே குழம்பு வைக்கினம்” என்றார். அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது. அம்மாவுக்கும் அது போதுமாக இருந்தது என்பதுதான் இன்றைக்கு என்னால் தாங்க முடியாதது. ஐந்து பிள்ளைகளுள்ள வீட்டில் மூத்தவளாகப் பிறந்து, சந்தையில் ஒரு கத்தரிக்காயைப் பத்துத் தரம் திருப்பிப் பார்த்து வாங்கும் மனுஷி.

மேல்மாடியில் ஒரு கலியாணம் வந்தது. அதற்கு ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு பெண்ணை நாங்கள் கனடா மாமி என்று கூப்பிட்டோம். அம்மா அவரை அறைக்கு அழைத்துப் பூட்டினும் டாட்டும் வைத்தார். பரீட்சை எழுதிவிட்டு நிற்கும் பிள்ளைபோல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். மாமி ஒரு வாய் வைத்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

“கடவுளாணை, அங்கத்தைய மாதிரியே இருக்கு. சீஸ்தான் வேற. ஆர் சொல்லித் தந்தது?”

“இவர்தான். அங்க குசினியிலதான் வேலை.”

“அதுதான் பாத்தன். ஒரு கைகண்ட சமையல்காரன்ர சொல்லு தெரியுது. இந்தப் புளிதான் நான் கேள்விப்படாதது. சரி, கடைக்குக் கடை ஒவ்வொரு மாதிரித்தானே. அவற்ற நம்பரைத் தாங்கோ, நான் போன உடன எடுத்துக் கதைக்கிறன்.”

“நம்பர் இல்லை. அவர் வெளியில போன் பெட்டியில இருந்துதான் எடுக்கிறவர்.”

“இவ்வளவு நாளாயும் ஒரு நம்பர் இல்லையோ?” என்று மாமி கேட்டார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டாவது டாட்டை எடுத்துக் கடித்தார். அவர் போன பிறகு, “காசுக்காரருக்கு எல்லாரையும் இளக்காரம்தான்” என்று அம்மா முணுமுணுத்தார். ஆனால் வாங்கில் போய் முதல் பாதியை மட்டும் சொன்னார். கனடாக்காரியே சாப்பிட்டுவிட்டு அங்கத்தைய மாதிரியே இருக்கிறது என்று சொன்னாளாம். வாங்கு வியந்தது. வீட்டுக்கார அன்ரி மட்டும் என் காதுபட, “இலவு காத்த கிளி” என்று யாரிடமோ சொன்னார். அந்தப் பழமொழி எனக்கு அப்போது தெரியாது. கிளி என்றதும் பாராட்டு என்று நினைத்தேன்.

மழைக்காலம் தொடங்கியபோது அப்பா, வேலை கூட, கொஞ்ச நாளைக்கு எடுக்க முடியாது என்றார். அன்று அவர் சமையல் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் எல்லாருடனும் கதைத்தார். தம்பியோடு அதிக நேரம் கதைத்தார். அதன் பிறகு ஞாயிறுகள் வந்தன, அழைப்பு வரவில்லை. அம்மா போய் வாங்கின் நடுவில் இருந்துவிட்டு வருவார். வந்து சமைப்பார். புதிதாக ஒன்றும் கிடைக்காததால் பழையவற்றையே சுற்றிச் சுற்றிச் செய்தார்.

அப்படியொரு பின்னேரம், நனைந்த சட்டையோடு ஒரு மெலிந்த இளைஞர் வாசலில் வந்து நின்றார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது.

“அக்கா, நான் அண்ணையோட ஒண்டா இருந்தனான்.”

“கனடாவில இருந்தோ வாறீர்?”

“அங்கயும் இருந்தனான்.”

அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. அவரைப் பாயில் இருத்தி, துவாய் எடுத்துக் கொடுத்து, அடுப்பை மூட்டினார். அவர் இரண்டு மூன்று தரம் “அக்கா, ஒரு கதை” என்று தொடங்கினார். “முதல்ல சாப்பிடும், பேந்து கதைப்பம்” என்று அம்மா ஒவ்வொரு தரமும் அடக்கினார். கேட்காமல் இருந்தால் அந்தக் கதை இல்லாமல் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ. உருளைக்கிழங்கை அரைப்பதமாகப் பொரித்து, அது ஆறும்வரை அடுப்பின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்து, மறுபடி பொரித்தார். குழம்பு விட்டு, சீஸ் உதிர்த்து, தட்டை அவர் மடியில் வைத்தார்.

அவர் ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

“அக்கா, இந்தப் புளி.”

“ஏன், காணாதோ? கனடாவில விடுறதுதானே. இவர்தான் சொன்னவர்.”

“கனடாவில ஒருத்தரும் புளி விடுறேல்லை அக்கா. நான் மட்டும்தான் விட்டனான். கடைக்காரனுக்குத் தெரியாமல், என்ர தட்டுக்கு மட்டும்.”

அதன் பிறகு அவர் சொன்னதை இப்போது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அவர் கனடாவில் ஒரு றெஸ்ரோறன்ற் சமையலறையில் வேலை செய்தவர். அகதிக் கேஸ் சரிவராமல் திருப்பி அனுப்பப்பட்டவர். மறுபடி போகலாம் என்று ஏஜென்சியோடு புறப்பட்டு, ஆபிரிக்காக் கரையில் ஒரு ஊரில் கொண்டுபோய் விடப்பட்டார். அதே வீட்டில்தான் அப்பாவும் இருந்தார். அப்பா கனடாவுக்குப் போகவேயில்லை. எங்களோடு கதைத்ததெல்லாம் அந்த ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கடையிலிருந்துதான்.

“நீங்கள் முதல் நாள் கேட்டனீங்களாம், போய்ச் சேந்திட்டீங்களோ எண்டு. பின்னால ஆக்கள் நிண்டு கேக்கிறது அவருக்கு விளங்கிச்சுதாம். வாய் தவறி ஓம் எண்டிட்டார். பேந்து இல்லை எண்டு சொல்ல அவரால ஏலேல்லை அக்கா. வந்து என்னைக் கேட்டார், நான் அடிக்கடி சொல்லுற கனடாச் சாப்பாடெல்லாம் எப்பிடிச் செய்யிறது எண்டு.”

அம்மா சுவரில் சாய்ந்து நின்றபடியே இருந்தார். தம்பி ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து வாயில் போட்டான். ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை.

“அவர் இதுகள் சாப்பிட்டவரோ?” என்று அம்மா கேட்டார்.

“எங்க அக்கா? அங்க ஒரு நேரம் சோறு கிடைச்சாப் பெரிய காரியம். பசிக்கேக்க நான் சமையல் சொல்லுவன், எல்லாரும் கேட்டுக்கொண்டு கிடப்பம். அண்ணை மட்டும் திருப்பித் திருப்பிக் கேப்பார். வீட்டுக்குச் சொல்லோணும், பிழைவிடக் கூடாது எண்டுவார். உங்களோட கதைச்சிட்டு வந்தா, பிள்ளை பான்கேக் தின்னது எப்பிடி எண்டு எங்களுக்குச் சொல்லுவார்.”

“இப்ப எங்க?”

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

“ஒரு சின்னக் கப்பல் வந்தது. அண்ணை ஏறினவர், என்னை விட்டிட்டாங்கள். போகேக்க ஒண்டு சொன்னவர். நான் போய்ச் சேந்தா நானே எல்லாத்தையும் அவளுக்குச் சொல்லுவன். சேரேல்லை எண்டு தெரிஞ்சா மட்டும் நீ என்ர வீட்டை போய்ச் சொல்லு எண்டு.”

அவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் சொன்னார். அந்தக் கப்பலில் போன ஒருவரிடமிருந்தும் எந்தக் கரையிலிருந்தும் கதை இல்லை. அப்பாவை அன்றைக்குப்போல நான் வெறுத்ததும் இல்லை. அவர் மேல் அன்றைக்குப்போல எனக்குப் பாசம் வந்ததும் இல்லை.

அம்மா அழுவார் என்று பார்த்தேன். அவர் கீழே இருந்து, தட்டை எடுத்து மறுபடியும் அந்த இளைஞரின் மடியில் வைத்தார்.

“ஆறிப்போகுது. சாப்பிட்டுக்கொண்டே சொல்லும்.”

“என்னத்தை அக்கா?”

“இதை எப்பிடிச் செய்யிறது எண்டு. அவருக்குச் சொன்ன மாதிரி, முதல்ல இருந்து.”

அவர் சொன்னார். உருளைக்கிழங்கைத் தோலோடு கழுவுவதிலிருந்து தொடங்கினார். சொல்லிக்கொண்டே தின்னவும் செய்தார், பசி அப்படி. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ கொட்டினார். பூட்டின் முடிய, “பேந்து?” என்றார். அவர் பான்கேக்கைத் தொடங்கினார். அம்மா அறிந்த ஒவ்வொரு சமையலும் முடியும்வரை அது நடந்தது. வெளியே மழை விடவில்லை.

அடுத்த ஞாயிறும் அம்மா வாங்குக்குப் போனார். அங்கே ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களெல்லாம் அங்கேதான் இருந்தீர்கள், உங்கள் தாய்மாரும் இருந்தார்கள். அம்மா நடுவில் இருந்து உங்களோடு கதைத்துச் சிரித்தார். நானாவுக்கு ஏதோ விளங்கிவிட்டிருக்க வேண்டும். ரிசீவரை எடுக்கும்போது எங்கள் பக்கம் பாராமல் கூப்பிடப் பழகிக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக நீங்கள் போனீர்கள். புதுப் பெண்கள் வந்தார்கள். கைத்தொலைபேசி வந்த பிறகு கடையும் இல்லை, வாங்கும் இல்லை.

அந்தச் சமையலை அம்மா அதன் பிறகு செய்யவில்லை. எங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது என் பக்கத்தில் இருந்தவர்கள் என்னைவிடச் சின்னப் பிள்ளைகள். நான் வெட்கத்தில் பின்னால் போய் இருந்தேன். பின்னாலேயே இருந்து, பின்னாலேயே நின்றும்விட்டேன். இப்போது சட்டை தைக்கிறேன். தம்பி ஓட்டோ ஓடுகிறான். அவனுக்கு மூளை இருந்தது. இதை நான் அக்காமார் சொல்லும் பெருமையாகச் சொல்லவில்லை, கூடப் படித்த நாலு பேர் சொன்னது. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. குறை இல்லை என்று சொல்லவும் வராது.

ஆடி அமாவாசைக்கு அப்பாவின் பேரில் எள்ளும் தண்ணீரும் இறைக்கலாம், திதி தெரியாதவர்களுக்கு அது போதும் என்று ஐயர் ஒருமுறை சொன்னார். “உயிரோட இருக்கிற ஆளுக்கோ?” என்று அம்மா கேட்டார். சரி, இருக்கிறார் என்றால் ஏன் தேடவில்லை என்று நாங்கள் கேட்டதில்லை. அவர் குங்குமம் வைக்கவில்லை, நெற்றியை வெறுமையாக விடவும் இல்லை. கறுப்பில் ஒரு சின்ன ஒட்டுப்பொட்டு. முப்பது வருடங்கள் அந்தக் கறுப்புப் பொட்டோடு இருந்துவிட்டு, இந்தப் பங்குனியில் போய்விட்டார்.

பிரேதம் வைக்கும் மலர்ச்சாலையில் அம்மாவை உடுத்திவிட எங்கள் மாடியிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள், எங்கள் கதை தெரியாதவர்கள். மூத்தவர் ஒரு கையில் கூறைச்சேலை நிறத்தில் ஒரு சிவப்புச் சேலையும் மறு கையில் வெள்ளையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, எதை உடுத்துறது? அப்பா இருக்கிறாரோ?”

இத்தனை வருடத்தில் ஒருவரும் அதை இப்படி நேரே கேட்டதில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற தம்பிதான் சொன்னான்.

“இருக்கிறார். கனடாவில.”

அவர்கள் சிவப்பை உடுத்தினார்கள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார்கள். அம்மாவை அவ்வளவு வடிவாக நான் பார்த்ததேயில்லை. இப்போது கொழும்பில் நம்மவரின் சாவுக்கு என்ன வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உரிமைக்காரர் பிளேனில் வந்து இறங்குமட்டும் பெட்டியை மூடுவதில்லை. சேலை உடுத்திய அந்த மூத்த அன்ரி பூமாலையைச் சரிசெய்துவிட்டு, நல்ல மனதோடுதான் கேட்டார்.

“அப்ப அவர் வந்து சேருமட்டும் வைச்சிருக்கிறதோ?”

“தேவையில்லை அன்ரி,” என்றேன். “இண்டைக்கே எடுப்பம்.”